லே: காசு பிடுங்கிய டாக்ஸியும் மெஹர் சிங்கின் டகோட்டாவும்

லடாக்கின் லே நகரக் கடைத்தெருவிலிருந்து ஹால் ஆஃப் ஃபேம் ராணுவ அருங்காட்சியகத்துக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். அதற்கு ஒரு டாக்ஸிக்காரர் 700 ரூபாய் கறந்துவிட்டார். ஏறும்போது சொன்னது 400. மிச்சம் காத்திருப்புக் கட்டணமாம்! வண்டி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பத்து படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஊரில் யார் சண்டை போடுவது? கொடுத்துத் தொலைத்தேன். மதியம் துக்பாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சூடான சூப் உள்ளே இறங்கியதும் தலைவலி பாதி போய்விட்டது.

விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே விமானங்கள் இறங்கும்போதெல்லாம் ஏர் கமடோர் மெஹர் சிங் நினைப்புதான் எனக்கு. விமானப்படையில் அவரை 'பாபா' என்பார்கள். காஷ்மீருக்காகப் பாகிஸ்தானோடு போர் நடந்த நேரம். 1948 மே மாதம் கார்கில் கைவிட்டுப் போய், லேயில் இந்தியாவின் சின்னப் படை ஒன்று தனியாக மாட்டிக்கொண்டிருந்தது. சோனம் நோர்பு என்ற லடாக்கி பொறியாளர், சிந்து நதியோரம் கிட்டத்தட்ட 11,000 அடி உயரத்தில் ஒரு மண் ஓடுதளம் போட்டு வைத்திருந்தார். அதில் அதுவரை எந்த விமானமும் இறங்கியதில்லை.

மே 24 அன்று மெஹர் சிங் தானே டகோட்டா சரக்கு விமானத்தை ஓட்டிக்கொண்டு போய் இறக்கினார். கூட மேஜர் ஜெனரல் திம்மையா வேறு! ஸ்ரீநகரிலிருந்து ஷேர் டாக்ஸியில் வரும்போது ஃபோட்டு லா கணவாயில் என் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிவிட்டது. அந்த மலைகளுக்கும் மேலே, உள்ளே காற்றழுத்த வசதியே இல்லாத சரக்கு விமானத்தில் பறந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இறங்கியதைவிடத் திரும்பக் கிளம்பியதுதான் பெரிய காரியம். காற்று லேசானால் இன்ஜின் பலம் குறையும், மேலெழும்ப ஓடுதளமும் அதிகம் தேவைப்படும். கிளம்ப முடியாமல் போயிருந்தால் ஜெனரலும் அங்கேயே சிக்கியிருப்பார்.

மெஹர் சிங் விமானப் படைப்பிரிவின் தளபதி. வேறு ஒருவரை அனுப்பிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம். முற்றுகையில் இருந்த பூஞ்ச்சிலும் இப்படித்தான், முதலில் தானே இறக்கிக் காட்டினார். மகாவீர் சக்ரா சும்மாவா கொடுத்தார்கள்? லேயில் அவர் இறக்கிக் காட்டிய பிறகு டகோட்டாக்கள் அங்கே கூர்க்கா வீரர்களைக் கொண்டுவந்து இறக்கின, ஊர் தப்பியது. அவரோ 1952-இல் விமான விபத்திலேயே போய்விட்டார்.

சரி, போகிறவர்களுக்கு ஒன்று. பிற்பகலில் காற்று பலமாகிவிடும் என்பதால் லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். ஜன்னல் இருக்கைக்குத் தனிக் காசு கேட்டாலும் கொடுங்கள். கஞ்சன் நானே சொல்கிறேன்.