செந்தூல் வீட்டில் இப்போது என்ன கேம் ஓடுகிறது?

12 டிசம்பர் 2025, வெள்ளி

லாஸ் ஏஞ்சலஸில் வியாழன் மாலை நடக்கும் கேம் அவார்ட்ஸ் என்ற வீடியோ கேம் விருது விழா மலேசியாவில் இருக்கும் நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறது, அதாவது சரியாக வேலை நேரத்தில். கணக்குப் பிரிவில் பாதிப் பேர் காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு இன்வாய்ஸ் தட்டிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிவு வந்தது. எதிர்பார்த்ததுதான்: ஆண்டின் சிறந்த கேம் 'க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'. மொத்தம் ஒன்பது விருது. இதுவரை எந்த கேமும் அந்த மேடையில் இத்தனை வாங்கியதில்லை.

பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் உள்ள சாண்ட்ஃபால் என்ற சின்ன நிறுவனத்தின் முதல் கேம் இது. "முப்பது பேர் செய்தது" என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அது பாதிக் கதை. சண்டை அசைவுகளுக்குக் கொரியாவில் ஒரு குழு, இசைக்கலைஞர்கள், குரல் கொடுத்தவர்கள் என்று வெளியாட்கள் நிறையப் பேர் உழைத்திருக்கிறார்கள். இருந்தாலும் நூற்றுக்கணக்கானவர்களை வைத்துக்கொண்டு உப்புச்சப்பில்லாமல் கேம் எடுக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இது நல்ல குட்டுதான்.

14 டிசம்பர், ஞாயிறு

அதே கேம். கதை தெரியாதவர்களுக்கு: ஒவ்வோர் ஆண்டும் ஓவியப் பெண் ஒருத்தி எழுந்து ஒரு எண்ணை வரைகிறாள். அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் பூவிதழாகக் கரைந்து போகிறார்கள். எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்று குறையும். இப்போது 33.

சண்டை, முறை வைத்து அடித்துக்கொள்ளும் பழைய பாணி. ஆனால் எதிரி அடிக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடி விழும் நொடியில் பொத்தானை அழுத்தினால் தடுக்கலாம், எல்லா அடியையும் தடுத்தால் திருப்பியும் கொடுக்கலாம். இங்கேதான் விஷமம் செய்திருக்கிறார்கள். எதிரி வாளை ஓங்குவான், ஓங்கியபடியே நிற்பான், தோளை மட்டும் லேசாக ஆட்டுவான். நாம் பதறி அழுத்திவிடுவோம். அதற்குப் பிறகுதான் அடி வரும்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீ கண்ணால பாத்து அடிக்கிற. காதால கேளு. அடிக்கு முன்னால ஒரு சத்தம் வருது பாரு."

உண்மைதான், வருகிறது. அவன் உறுமி மேளக் குழுவில் இருப்பவன். திரையைப் பார்க்காமலேயே அவனுக்கு எப்போது அடி விழும் என்று தெரிகிறது. எரிச்சலாக வந்தது.

20 டிசம்பர், சனி

கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் வளாகத்துக்குப் போனோம். செந்தூலில் எல்.ஆர்.டி ஏறி ஹங் துவாவில் இறங்கி, மோனோரயில் பிடித்து இம்பி. கணினிக்கு ரேம் கூட்டலாம் என்று நினைத்திருந்தேன். விலையைக் கேட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது. கடைக்காரர் விலைச்சீட்டை அச்சடிப்பதையே நிறுத்திவிட்டாராம், கேட்டால் வாயால் சொல்கிறார். ஏஐ தரவு மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் உலகம் முழுக்க இதே கதி. மைக்ரான் நிறுவனம் தன் 'க்ரூஷியல்' ரேம்களைக் கடைகளுக்கு விற்பதையே பிப்ரவரியோடு நிறுத்தப்போவதாக இந்த மாதம் அறிவித்துவிட்டது.

எனக்கென்னவோ, இந்த ஆண்டு எல்லோரும் சின்ன கேம்கள் பக்கம் சாய்ந்ததற்கு ரசனை பாதி, பர்ஸ் பாதி. கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் குளிர்காலத் தள்ளுபடி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

ரேமுக்குப் பதிலாக ஒயர் வைத்த இயர்ஃபோன் ஒன்று வாங்கினேன், ஏன் என்பது அடுத்து வருகிறது.

27 டிசம்பர், சனி

'ரிதம் டாக்டர்'. ஆரம்பக்கட்டப் பதிப்பாக 2021 பிப்ரவரியில் வந்தது, இந்த மாதம்தான் முழுசாக முடித்து வெளியிட்டார்கள். மாணவர்களாக இருந்தபோது தொடங்கியதைப் பத்து ஆண்டுக்கு மேல் செதுக்கியிருக்கிறார்கள். செய்த செவன்த் பீட் கேம்ஸ் குழுவின் வேர் நம் மலேசியாவில். இதை அலுவலகத்தில் சொன்னால் யாரும் நம்பவில்லை. 'எ டான்ஸ் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ்' செய்தவர்கள் என்றதும்தான் "ஓ, அவங்களா!" என்றார்கள்.

நீங்கள் எங்கோ உட்கார்ந்து வேலை பார்க்கும் பயிற்சி மருத்துவர். நோயாளியின் இதயத்துடிப்பு ஒரு கோடாக ஓடும். ஏழாவது துடிப்பில் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான், வேறு பொத்தானே கிடையாது. கேட்க எளிது. முதல் பெரிய நோயாளி வந்ததும் வைரஸ் புகுந்து படம் கலங்கி, துடிப்பு விட்டுவிட்டு ஓடும். பின்னால் ஒரு கட்டத்தில் கேம் ஓடும் ஜன்னலே கணினித் திரையில் அங்குமிங்கும் ஆட ஆரம்பிக்கும். கண்ணை நம்பினால் தொலைந்தோம்.

ப்ளூடூத் இதற்கு ஆகாது. ஒலி காதுக்கு வருவதற்குள் தாளம் தாண்டிப் போய்விடும். அதற்குத்தான் ஒயர்.

தம்பி உட்கார்ந்தான். இடது கை தொடையில், வலது கை ஸ்பேஸ் பாரில். உதட்டுக்குள் 'தகிட தகதிமி' என்று ஓட்டிக்கொண்டு, 'மி' வரும்போதெல்லாம் தட்டினான். மூன்றும் நான்கும் ஏழு. திரை கலங்கியபோது அவன் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தான், சத்தியமாக. தாளம் தடுமாறும் இடத்தில் தொடையில் தட்டும் கை மட்டும் நிற்கவே இல்லை. கேம் என்ன செய்தாலும் அந்தக் கை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதுவரை செய்ததெல்லாம் திரையோடு சண்டை. அவன் திரையைக் கண்டுகொள்ளவே இல்லை.

அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்குப் போய் கம்ப்யூட்டரா? மேளத்தையே அடிக்கலாமே" என்றார்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

'சில்க்ஸாங்' கேம் பக்கம் திரும்பினேன். அடிலெய்டில் உள்ள டீம் செர்ரி 2019-இல் அறிவித்து, 2025 செப்டம்பர் 4 அன்றுதான் ஒருவழியாக வெளியிட்டது. அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீம் கடையே திணறியது நினைவிருக்கலாம். இருபது டாலருக்கு இவ்வளவு பெரிய உலகமா என்று வியந்தவர்களே, அடுத்த வாரம் "இவ்வளவு கஷ்டமா?" என்று புலம்பினார்கள். புலம்பலில் நியாயம் உண்டு. ஒரே அடிக்கு இரண்டு உயிர் போகிறது. உட்கார்ந்து இளைப்பாறும் பெஞ்சுக்குக்கூட சில இடங்களில், கேமில் காசாகப் பயன்படும் ஜெபமாலை மணிகளைக் கொடுக்க வேண்டும். செத்தால் பெரிய அரக்கனிடம் திரும்ப ஓடும் பாதை, சண்டையைவிடக் கொடுமை. அந்தப் பாதைகளைச் சுருக்கியிருந்தால் கேமுக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

ஆனால் கேமின் நாயகி ஹார்னெட் சாய்வாகப் பாய்ந்து ஊசியால் குத்தி எம்பும்போது, குத்து, எம்பு, குத்து என்று ஒரு நடை கிடைக்கும் பாருங்கள், அதற்காகவே விடமுடியவில்லை. இலவசக் கூடுதல் பகுதி ஒன்று இந்த ஆண்டு வருமாம்.

10 ஜனவரி, சனி

மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், தே தாரேக் என்ற இழுத்து ஆற்றிய டீ. பக்கத்து மேசைப் பையன்கள் யாருக்கும் மேலே எழுதிய ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு ஃபோனில் அணியாக ஆடும் 'மொபைல் லெஜெண்ட்ஸ்' மட்டும்தான் கேம். ஜகார்த்தாவில் அதன் எம்7 உலகப் போட்டி நடக்கிறது, சுவரில் இருந்த பெரிய டிவியை அதற்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். 2024-இல் நம் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி ரியாத்தில் இதே கேமின் எம்.எஸ்.சி. கோப்பையைத் தூக்கியதிலிருந்து இவர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைக்காரர் காற்பந்து பார்க்க வந்தவரிடம் "சாரி பாஸ்" என்றார்.

18 ஜனவரி, ஞாயிறு

பிப்ரவரி முதல் தேதி தைப்பூசம். தம்பியின் குழு தினமும் ராத்திரி பயிற்சியில். இன்று பயிற்சிக்கு முன்னால் குழுவில் பம்பை அடிக்கும் பையனையும் கூட்டி வந்துவிட்டான். ரிதம் டாக்டரில் இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். உறுமியும் பம்பையும் ஒரு பக்கம், நானும் அலுவலகத் தோழியும் மறுபக்கம்.

நாங்கள் 'பி' வாங்கினோம். பரவாயில்லை. வேடிக்கை என்னவென்றால் அவர்களும் 'பி'தான். பம்பைக்காரன் தாளத்துக்கு நடுவில் சொந்தமாக இரண்டு தட்டு சேர்த்துக்கொள்கிறான், கேம் அதையெல்லாம் தவறு என்று எண்ணுகிறது. "அழகா இருந்துச்சுல்ல அக்கா, அதுக்கு மார்க் போட மாட்டாங்களா?" என்று என்னிடம் நியாயம் கேட்டான். தம்பி அவன் முதுகில் ஒன்று போட்டு, "அடுத்த பாட்டுல நீ ஸ்பேஸ் பாரைத் தொடாத, நான் சொல்றப்ப மட்டும் தட்டு" என்றான். எட்டு மணிக்குப் பயிற்சி. எட்டேகால் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை, கீழே வேனில் இருந்தவர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.