டெய்சி 499: குண்டின் வேகத்தை அளந்து பார்த்தது

டெய்சி 499 அமெரிக்காவில் சிறுவர்களின் 5 மீட்டர் இலக்குப் போட்டியில் பயன்படும் ஸ்பிரிங் துப்பாக்கி; ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று குண்டைத் தள்ளும். கம்பெனி சொல்லும் வேகம் விநாடிக்கு 240 அடி, அதாவது 73 மீட்டர். எஃகுக் குண்டு ஏறக்குறைய 4.4 மி.மீ., 0.33 கிராம். தராசில் 100 குண்டைக் கொட்டினால் 33 கிராம் காட்ட வேண்டும்.

வேகத்தை அளக்கக் காசில்லாத வழி, 5 மீட்டரில் இலக்கு அட்டையை வைத்து, போனில் ஒலிப்பதிவு. சுடும் சத்தத்துக்கும் அட்டையில் படும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அலைவடிவத்தில் அளந்தால் போதும். போனைத் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்தால், இலக்கிலிருந்து சத்தம் திரும்பி வரவே 14 மில்லி விநாடி ஆகும். அதனால் இரண்டுக்கும் சம தூரத்தில், பாதையை விட்டு ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். தகரத்தை இலக்காக வைக்கவே கூடாது, எஃகுக் குண்டு முகத்துக்கே திரும்பும். அட்டைக்குப் பின்னால் பழந்துணி அடைத்த பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி.

ஆனால் இதில் கிடைப்பது சராசரி வேகம். விநாடிக்கு 73 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 5 மீட்டர் போவதற்குள் காற்றில் சுமார் 6 சதவீதம் இழக்கிறது. எனவே 240 அடித் துப்பாக்கி இங்கே 233 அடிக்குப் பக்கத்தில்தான் காட்டும். பிஸ்டன் இடிக்கும் சத்தமும் குண்டு வெளியேறும் சத்தமும் அலைவடிவத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது அடுத்த தலைவலி. அங்கே 1 மில்லி விநாடி தவறினாலே ஒன்றரை சதவீதம் போச்சு.

அடுத்த வழி ஒளிக்கதவு, அதாவது குண்டு இரண்டு ஒளிக்கற்றைகளை மறைக்கும் நேர இடைவெளியை அளப்பது: பிவிசி குழாயில் துளையிட்டு, 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஜோடி; ஒவ்வொன்றிலும் எதிரெதிராக ஐஆர் எல்இடி (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு), போட்டோடிரான்சிஸ்டர் (ஒளியை உணரும் சென்சார்). நடுவில் சென்சாரின் சைகையை ஆன்-ஆஃப் ஆக மாற்றும் எல்எம்393 சிப், பிறகு நேரத்தை அளக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை. 100 மி.மீ. கடக்க 1.37 மில்லி விநாடி. ஆர்டுயினோவில் நேரம் சொல்லும் மைக்ரோஸ் ஃபங்ஷன் 4 மைக்ரோ விநாடிப் படிகளில் நகர்வதால் 0.3 சதவீதப் பிழை; அதன் சிப்பிலுள்ள டைமர்1 என்ற கடிகாரத்தை நேரடியாக ஓட்டினால் அதுவும் மறையும். உண்மையில் கடிகாரம் பிரச்சினையே இல்லை, குழாயில் போடும் துளைகள்தான். துளை 1 மி.மீ. தள்ளிப்போனால் ஒரு சதவீதம் போகும். துளைத்த பிறகு இடைவெளியை வெர்னியர் அளவுகோலில் அளந்து, அந்த எண்ணையே நிரலில் போடுங்கள்.

குண்டு ஒளியை மறைப்பது வெறும் 60 மைக்ரோ விநாடி. போட்டோடிரான்சிஸ்டருடன் 10 கிலோ ஓம் மின்தடை போட்டால் அது அசைவதற்குள் குண்டு போய்விடுகிறது. 1 கிலோ ஓம் சரி. சென்சார் முன்னால் கறுப்பு டேப்பில் 1 மி.மீ. அகலச் செங்குத்துப் பிளவு விடுங்கள். இல்லாவிட்டால் குழாய் லேசாகச் சாய்ந்திருந்தாலும், ஒரு கதவு குண்டின் நுனியிலும் மற்றது அதன் நடுவிலும் விழிக்கும். மோசமாகப் போனால் குண்டின் அரை விட்டம், 2.2 மி.மீ., அப்படியே பிழையாகிவிடும். டியூப்லைட்டும் விநாடிக்கு 100 முறை துடிப்பதால் குழாயின் இரு முனையிலும் கறுப்புக் காகித மறைப்பு வேண்டும்.

குழாயைத் துப்பாக்கியிலேயே மாட்டத் தோன்றும். வேண்டாம்: 499-க்குக் குண்டு போடுவது முன்வாய் வழியாக. தனித் தாங்கியில், வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்தால், வெளியே வரும் எண்ணெய்ப் புகை முதல் கதவைத் தட்டிவிடாது. அந்தத் தூரத்தில் குண்டு இழக்கும் வேகம் கால் சதவீதம்தான், திருத்தவே தேவையில்லை.

எண்கள் தாறுமாறாக வந்தால் சென்சாரைச் சந்தேகிக்கும் முன் குண்டைப் பாருங்கள். போட்டிக்கென்று துல்லியமாகத் தேய்த்த குண்டு குழலுக்குள் மெதுவாக உருண்டு இறங்கி, அடியிலுள்ள காந்தத்தில் ஒட்டும். சாதாரணக் குண்டு சட்டென்று விழும்; அந்த இடைவெளி வழியாகக் காற்று கசிந்து வேகம் குறையும். இரண்டு வகையையும் ஒரே டப்பாவில் கலந்து வைத்தால் எந்தக் கருவியும் உதவாது.