குட்டி வாங்கும் முன் பெற்றோரின் எக்ஸ்ரேயைக் கேளுங்கள்

நீலகிரியில் நாய்க்குட்டி விற்கும் யாரிடம் போனாலும் முதலில் எடுத்து நீட்டப்படுவது கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) சான்றிதழ்தான். குட்டியின் இனம், தாய் தந்தையரின் பெயர், அவற்றின் முன்னோர், மைக்ரோசிப் எண் ஆகியவை அதில் இருக்கும். வம்சம் தெரியாமல் முறையான இனப்பெருக்கமே செய்ய முடியாது என்பதால் அந்தத் தாளை நான் மதிக்கிறேன். ஆனால் குட்டியைப் பெற்றவை எவை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அவற்றின் மூட்டும் கண்ணும் இதயமும் எப்படி இருக்கின்றன என்பது பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. வாங்குபவர்களில் பெரும்பாலானோர் "பேப்பர் இருக்கிறது" என்ற சொல்லை "ஆரோக்கியம் இருக்கிறது" என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

கோத்தகிரியில் எங்கள் வீடுகள் பெரும்பாலும் சாலையிலிருந்து படி இறங்கிப் போகும் சரிவில் இருப்பவை. எங்கள் தெருவில் சான்றிதழோடு வாங்கப்பட்ட ஒரு லேப்ரடார், ஒரு வயது நிறைவதற்குள்ளேயே, படியேறும்போது இரண்டு பின்னங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்து முயலைப் போலத் தத்தித் தத்தி ஏறத் தொடங்கியது. விளையாட்டு என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். பிறகு பாதிப் படியிலேயே உட்கார்ந்துகொள்ளவும், கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் நேராக நீட்டி எடுத்த அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கிண்ணம் போன்ற இடுப்புக் குழியில் ஆழமாகப் பொருந்தியிருக்க வேண்டிய தொடை எலும்பின் உருண்டைத் தலை, இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் வெளியே நின்றது. ஹிப் டிஸ்பிளேசியா எனப்படும் இந்தக் கோளாறு லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் மிகுதி. ஒரே மரபணுவால் வருவதல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்குவது. குட்டிப் பருவத்தில் உடல் எடை கூடுவதும் அதை மோசமாக்கும். நன்றாக ஓடியாடும் பெற்றோருக்கும் இத்தகைய குட்டி பிறக்கலாம் என்பதால், நாய் நடப்பதைக் கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது போதாது. இரண்டு வயது நிறைந்த பிறகு தாய்க்கும் தந்தைக்கும் எடுத்த எக்ஸ்ரே வேண்டும்.

எந்தச் சோதனை தேவை என்பது இனத்துக்கு இனம் மாறும். டோபர்மேனுக்கு இதயம், டால்மேஷனுக்குச் செவி, காக்கர் ஸ்பானியலுக்குக் கண். டோபர்மேனின் இதய நோய் நடுத்தர வயதில்தான் பெரும்பாலும் வெளிப்படும் என்பதால், ஒருமுறை பார்த்து விட்டுவிடாமல் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். லேப்ரடாருக்கும் காக்கருக்கும் வரும் ஒருவகை விழித்திரைத் தேய்வுக்கு டி.என்.ஏ. சோதனை உண்டு. பழுதான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய்க்குப் பார்வை கெடாது. ஆனால் அப்படிச் சுமக்கும் இரண்டை இணைத்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதற்காக அந்த நாய்களை எல்லாம் ஒதுக்கிவிடத் தேவையில்லை. பழுதில்லாத துணையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. நல்ல குணமும் நல்ல உடற்கட்டும் உள்ள நாயை ஒரு மரபணுவுக்காகக் கழித்துக்கொண்டே போனால் இனத்தில் மிஞ்சுவது நெருங்கிய உறவுகள்தான்.

மலையில் இந்த நெருக்கம் எனக்குப் பெரிய கவலை. இங்கே ஸ்டட் நாய்கள், அதாவது இணை சேர்க்கப் பயன்படுத்தும் ஆண் நாய்கள், குறைவு. கண்காட்சியில் பரிசு வாங்கிய ஒரு நாயைத் தேடி எல்லாரும் போகிறார்கள், இரண்டு தலைமுறைக்குள் குன்னூர் குட்டியும் உதகைக் குட்டியும் உறவாகிவிடுகின்றன. குட்டியின் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பை உட்கலப்பு அளவு என்பார்கள். தந்தையையும் மகளையும் இணைத்தால் அது 25 சதவீதம், ஒரே தந்தைக்கு வேறு வேறு தாய்களிடம் பிறந்தவற்றை இணைத்தால் 12.5 சதவீதம். "லைன்", அதாவது வம்ச வரிசை, காப்பாற்றுகிறோம் என்று பெருமையாகச் சொல்லப்படுவது பல நேரங்களில் இதைத்தான். நம்முடைய ராஜபாளையம் நாயில் வெள்ளை நிறத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையும் மட்டுமே விரும்பித் தேர்ந்தெடுத்து வந்ததோடு செவிட்டுத்தன்மையும் தொடர்ந்து வந்திருக்கிறது.

2017ஆம் ஆண்டின் மத்திய விதிகள், நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வயதுக்குப் பிறகு கூடவே கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இவை குறைந்தபட்ச வரம்புகள் மட்டுமே. எக்ஸ்ரே முடிவு இரண்டு வயதில்தான் உறுதியாகும் என்னும்போது பதினெட்டு மாதத்தில் இணை சேர்க்க என்ன அவசரம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இந்தக் குறைந்தபட்சத்தைக்கூட ஏப்ரல், மே சீசனில் பலர் மறந்துவிடுகிறார்கள். தாய்ப்பாலும் உடன்பிறப்புகளின் கணகணப்பும் தேவைப்படும் குட்டிகள், சுற்றுலா வந்தவர்களின் காரில் அட்டைப்பெட்டியில் மலை இறங்குகின்றன. உதகைக் குளிரில் பிறந்த ஹஸ்கிக் குட்டி திருப்பூர் வெயிலில் ஒரு மாடி வீட்டில் வளரப்போகிறது என்று தெரிந்தும் விற்பவர், தன் ஊர்க் குளிரைக் காட்டித் தன் செயலை நியாயப்படுத்த முடியாது.

விற்ற நாயை எந்த வயதிலும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் தராதவரிடம் குட்டி வாங்க வேண்டாம் என்பேன். இங்கே கைவிடப்படும் நாய் தெருவோடு நின்றுவிடுவதில்லை. தேயிலைத் தோட்டம் தாண்டினால் காடு. தடுப்பூசி போடாத நாயிடமிருந்து டிஸ்டெம்பர் நோய் செந்நாய்களுக்கும் பரவக்கூடும், சிறுத்தைக்கு அந்த நாயே இரையாகவும் ஆகும்.

எங்கள் வீட்டு லேப்ரடார் பெட்டைக்கு விரைவில் இரண்டு வயது நிறைகிறது. குட்டி கேட்டு வைத்திருக்கும் நண்பர்களிடம் எக்ஸ்ரேயும் கண் சோதனையும் முடியும்வரை வாக்குத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இணையாகப் பார்த்த ஸ்டட் நாயின் உரிமையாளரிடமும் இதே சோதனைத் தாள்களைக் கேட்டேன். அவர் கோப்பைகளின் புகைப்படங்களை அனுப்பினார். வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிவு சரியாக வராவிட்டால் அவளுக்குக் கருத்தடை செய்துவிடுவோம்.