நைட் எத்தனை மணிக்கு தம்பி படுத்தே?

எங்க சைட்டுக்கு வருஷா வருஷம் சிவில் படிக்கிற பசங்க ட்ரெய்னிங் வருவாங்க. காலைல எட்டு மணிக்கு ஹெல்மெட்ட மாட்டிட்டு வந்து நிக்கிறப்பவே மூஞ்சிய பாத்து சொல்லிடலாம், எவன் தூங்குனான், எவன் ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டிட்டு இருந்தான்னு. நான் இத பெருசா எடுத்துக்கிட்டதில்ல, நானும் சப்மிஷனுக்கு மொத நாள் விடிய விடிய ரெக்கார்டு எழுதுன ஆளுதானே.

போன வருஷம் ஒரு தம்பிகிட்ட மட்டம் பாக்குற கருவி ஆட்டோ லெவல குடுத்து, பிசிசிக்கு (அஸ்திவாரத்துக்கு அடியில போடுற காங்கிரீட்) முளைக்குச்சில மட்டத்த மார்க் பண்ண சொன்னேன். நல்லா படிக்கிற பையன். ஸ்டாஃப்ல, அதாவது அளவு போட்ட கோல்ல, 1.345 மீட்டர் வர வேண்டியது, 1.435னு வெச்சுட்டான். ரெண்டு நம்பர் இடம் மாறுனதுல மார்க் 90 மில்லிமீட்டர் கீழ போயிடுச்சு. மேஸ்திரி வழக்கம்போல டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாத்துட்டு "சார், எங்கயோ இடிக்குதே"ன்னாரு. நல்லவேளை, காங்கிரீட் கொட்டல. பையன தனியா கூப்பிட்டு கேட்டா ப்ராஜெக்ட் ரிவ்யூவாம், ரெண்டு நாளா மூணு மணி நேரம்தான் தூக்கமாம்.

அப்புறம் படிச்சு பாத்தேன், ஒரு 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தாலே ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவன் அளவுக்கு நிதானம் கொறஞ்சிடுமாம். நம்ம ஊர்ல 0.03 தாண்டுனாலே வண்டி ஓட்டக்கூடாது. குடிச்சுட்டு வந்தவன சாரத்துல ஏத்துவோமா? தூங்காம வந்தவன தாராளமா ஏத்துறோம்.

பசங்கள மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லைங்க. சென்னைல பகல்ல லாரிக்கு ஏகப்பட்ட கெடுபிடி, ரெடிமிக்ஸ் காங்கிரீட் வண்டி ராத்திரிதான் நிம்மதியா வரும், ஸ்லாப் போட்டா விடிஞ்சுடும், எக்ஸ்பீரியன்ஸ் வேணும்லன்னு பசங்களையும் வைப்ரேட்டர் பக்கத்துல நிக்க வெச்சுட்டு காலைல எட்டு மணிக்கு அட்டெண்டன்ஸும் கேட்டோம், இத்தன வருஷமா. கண்ண சொருகுனா டீய குடிடான்னு வேற சொல்லுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு குடிச்ச டீயோட காஃபின்ல பாதி பதினோரு மணிக்கும் உடம்புலயே கெடக்கும், அப்புறம் அவன் எங்க தூங்க.

இப்போ நைட் காங்கிரீட்ல நின்னவன் மறுநாள் வரவே வேணாம்னுட்டேன். மேல இருக்கறவங்க கொஞ்சம் முணுமுணுத்தாங்க, பரவால்ல. லெவல் ரீடிங்க ரெண்டு பேர் பாத்து வாய்விட்டு படிக்கணும். மேஸ்திரி மட்டும் யாரையும் நம்பல, இன்னும் அந்த டியூபோடதான் சுத்துறாரு. அவரு ஒன்பது மணிக்கே படுத்துடுற மனுஷன்.