பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையும் அதன் வெடிமருந்துக் கிடங்கும்

பினாங்குக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் படகுத்துறையில் இறங்கியதும் குயின் வீதி மாரியம்மன் கோயிலுக்கும் லிட்டில் இந்தியாவின் கடைகளுக்கும் நேரே போய்விடுகிறார்கள். அங்கிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், கடலைப் பார்த்தபடி கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து, படகேறி இம்முறை நான் போனது அந்தக் கோட்டைக்காகவே. அதிலும் முதன்மையாக, அதனுள் இருக்கும் வெடிமருந்துக் கிடங்கைப் பார்ப்பதற்காக.

1814-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கிடங்கு, கனத்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட, தாழ்ந்த ஒரு செங்கற் கட்டடம். வெடிமருந்துக்கு இரண்டு பகைகள் உண்டு: ஈரமும் தீப்பொறியும். கடலோரத்து ஈரக்காற்றில் மருந்து நமுத்துவிட்டால் பீரங்கிகளால் பயனில்லை. ஒரு பொறி விழுந்தாலோ கோட்டையே மிஞ்சாது. அக்காலத்துக் கிடங்குகள் யாவும் இந்த இரண்டு அச்சங்களுக்கும் விடை தேடிக் கட்டப்பட்டவை என்பதை மனத்தில் கொண்டு பார்த்தால், இந்தச் சிறிய அறையின் பருத்த சுவர்களுக்குப் பொருள் விளங்கும். இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் இந்தக் கோட்டை ஒரு போரையும் காணவில்லை. மதில்மேல் இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கி, 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜோகூர், அச்சே, சிலாங்கூர் என்று கைமாறி, 1871-இல் ஆங்கிலேயரிடம் சிக்கிப் பினாங்குக்கு வந்தது.

ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11-ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் எடுத்துக்கொண்டபோது, இங்கு எழுந்தது நிபோங் பனைமரங்களால் ஆன வெறும் மரவேலிதான். அமெரிக்க விடுதலைப் போரில் 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் கார்ன்வாலிஸ், அதே 1786-இல் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். கோட்டைக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. தமிழ் வாசகருக்கு அவர் அந்நியர் அல்லர். திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்புவின் இரு மைந்தர்களைப் பிணையாகக் கொண்டுசென்று, இன்றைய சேலம், கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனியிடம் சேர்த்தவர் அவர்தான்.

அந்தத் திண்டுக்கல் சீமையின் விருப்பாச்சி பாளையக்காரர் கோபால நாயக்கரும் சிவகங்கையின் மருது சகோதரர்களும் கம்பெனியை எதிர்த்து எழுந்து, 1801-இல் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில், கிளர்ச்சியில் ஈடுபட்ட 73 பேர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு இத்தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவர். அப்போது அவருக்குப் பதினைந்து வயது இருக்கும். 1804-இல் தொடங்கி, நார்மன் மெக்காலிஸ்டர் கவர்னராக இருந்த 1810-இல் முடிந்த செங்கற் கோட்டையை எழுப்பியவர்கள், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சிவகங்கைக்காரர்கள் யாரேனும் அதில் கல் சுமந்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவர்கள் எந்தப் பேரரசால் இங்கு கொண்டுவரப்பட்டார்களோ, அதன் தலைமகன் ஒருவரின் பெயர் தாங்கிய மதில், அவர்கள் இருந்த அதே தீவில் எழுந்துகொண்டிருந்தது. அந்த மதிலைச் சுற்றி வந்தபோது இந்த எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, இளமையில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி என்னும் வளைந்த எறிகருவியை வீசவும் கற்றவர். பின்னர் அதே மருதுவுக்கு எதிரான படையில் இருந்தவர். 1818-இல் பினாங்குக்கு வந்த அவர் துரைசாமியைச் சந்தித்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். நாடு கடத்தப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னும் சின்ன மருதுவின் மகன் இங்கேதான் இருந்தார் என்பதற்கு அந்தக் குறிப்பே சான்று. கோட்டைக்குள் மருந்துக் கிடங்கின் அருகே, துரைசாமியின் பெயரையும் அவரோடு வந்தவர்களின் வரலாற்றையும் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லும் பலகை ஒன்று நிற்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.