ஆர் ஆட்டுறது?

இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அங்கிப் பையில் ரப்பர் சுத்தியல் இல்லாமல் வாட்டுக்குள் நுழைந்ததே இல்லை. பார்க்க டொக்டர் மாதிரி இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

அப்போது வந்தவர்தான் அந்தச் சுழியோடி. திருகோணமலைக்கு வடக்கே ஒரு கரையோர ஊர். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கு இறங்குகிற தொழில். ஒரே நாளில் பலமுறை இறங்கி, கடைசித் தடவை அவசரமாக மேலே வந்திருக்கிறார். 30 மீற்றர் ஆழத்தில் உடம்பின் மேல் இருப்பது கரையில் உள்ளதைப்போல நாலு மடங்கு அழுத்தம். அங்கே இரத்தத்தில் கரைகிற நைதரசன், மெல்ல ஏறினால் மூச்சோடு போய்விடும். விரைந்து ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்த கதைதான், உள்ளேயே குமிழ் கட்டும். இவருக்கு அது நெஞ்சு மட்டத்தில், முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற நரம்புத் தண்டான முண்ணாணைப் பிடித்துவிட்டது. அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை கொடுத்த பிறகும் இடுப்புக்குக் கீழே உணர்வுமில்லை, அசைவுமில்லை.

முண்ணாண் சின்னவிரல் தடிப்புத்தான் இருக்கும். நீளம் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர். முள்ளந்தண்டின் அடிவரைகூடப் போகாது. இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்து, மிச்சம் குதிரைவால் போல நரம்புக் கொத்தாக இறங்கும். அதிலிருந்து 31 சோடி நரம்புகள் பிரிகின்றன. காலில் முள் குத்திய செய்தி மூளைக்கு ஏறுவதும், "நட" என்ற கட்டளை காலுக்கு இறங்குவதும் இந்த ஒரே பாதையால்.

முதல் சில வாரங்கள் கால்கள் துணி மாதிரிக் கிடந்தன. முழங்காலில் தட்டினாலும் பதிலில்லை. பிறகு ஒருநாள் தட்டினேன், கால் துள்ளி எழும்பியது. "பாத்தீங்களா அம்மா!" என்றேன் அவருடைய தாயிடம், சிரிப்போடு. தட்டினால் தானாகத் துள்ளுகிற தெறிவினை திரும்பிவிட்டது, முண்ணாணின் அதிர்ச்சி நிலை விலகுகிறது என்பதுதான் என் சந்தோசம். அம்மாவுக்கு அது வேறு சந்தோசம். அன்று பின்னேரமே பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார். அடுத்த நாள் நான் போனபோது, மகனின் நெற்றியில் திருநீறு. அம்மா விரல் முட்டியால் அவருடைய முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் கூடி நின்றார்கள்.

புலன் நரம்புக்கலம், இயக்க நரம்புக்கலம், தெறிவினை வில் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, எப்ப நடப்பான்?" என்றார்.

கடைசியில், திருகோணமலைப் பக்கத்தையும் கிண்ணியா ஊரையும் இணைக்கிற கிண்ணியாப் பாலத்தைச் சொன்னேன். பாலம் அறுந்தால் இங்கிருந்து ஆள் போக ஏலாது. ஆனால் அங்கே கிண்ணியாவுக்குள் சந்தை கூடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும். (உண்மையில் தரைவழியே சுற்றிப் போகலாம், முண்ணாணுக்கு அந்த வசதி இல்லை.) முழங்காலில் தட்டும்போது தொடைத் தசை இழுபடும். அந்தச் செய்தி முண்ணாணின் கீழ்ப்பகுதிக்குப் போய், அங்கேயே ஒரேயொரு சந்தியில் கைமாறி, அதே தசைக்குச் சுருங்கச் சொல்லித் திரும்பும். மூளையைக் கேட்பதில்லை. மேலேயிருந்து வழக்கமாக வருகிற கட்டுப்பாடும் அறுந்துபோனதால்தான் கால் அவ்வளவு பலமாகத் துள்ளுகிறது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அதுவரை கூரையைப் பார்த்துக் கிடந்த மகன்தான், "நான் ஆட்டல்லம்மா" என்றார்.

சில மாதங்களில் சக்கர நாற்காலியோடு வீட்டுக்குப் போனார்.

இப்போதெல்லாம் சுத்தியலை எடுக்கும் முன்பே உறவினர்களுக்குச் சொல்லிவிடுவேன்: "கால் ஆடும். ஆனா அவர் ஆட்டுறதில்ல." போன மாதம், மரத்தால் விழுந்த மகனோடு வந்திருந்த மூதூர் முதியவர் ஒருவர் விடவில்லை.

"அப்ப ஆர் தம்பி ஆட்டுறது?"

"முண்ணாண், ஐயா."

"அது இவன்ர முதுகுக்குள்ளதானே கிடக்கு?"

ஓம் என்றுவிட்டு மற்றக் காலையும் தட்டினேன்.