சீல் மாத்தினா போதும் சார்: ஒரு செகண்ட்ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன்பக்கக் கதை

செகண்ட்ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கிய நண்பர் யாராவது, "ஃபோர்க்ல லேசா ஆயில் கசியுது, சீல் மாத்தினா சரியாயிடும்" என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஷாக் அப்சார்பர் குழாய்கள், சீல் அதன் ஆயிலை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையம். என் வண்டியில் இப்போது கசிவு நின்றுவிட்டது, வண்டி நேராகவும் போகிறது. ஆனாலும் நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வண்டி 250 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபேரிங் வைத்தது. முன்னால் 37 மில்லிமீட்டர் சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க். ஃபார்ம் 29, 30, ஆர்டிஓ, இன்சூரன்ஸ் பெயர் மாற்றம் எல்லாம் சத்தமில்லாமல் முடிந்தன. என்ஜின் அருமை. விற்றவர் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார், ஃபோர்க் பைப்பையும் சேர்த்து. அங்கேதான் விஷயம். ஆயில் கசியும் ஃபோர்க்கைத் துணியால் துடைத்துவிட்டால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் எதுவும் தெரியாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து முறை நன்றாக அமுக்கி எடுத்தால்தான் பைப்பில் ஈர வளையம் தெரியும்.

சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடந்த பக்கமாகத் தினமும் போய் வந்தவனுக்கு ஃபோர்க் நிலவரம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் பொத்தென்று அமுங்கியது. ஸ்பீடு பிரேக்கரில் 'டொக்' என்றது. கைப்பிடியை லேசாக விட்டால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. டிஸ்க் இருக்கும் பக்கத்துப் பைப்பிலிருந்து ஆயில் வழிந்து பிரேக் காலிப்பர்வரை இறங்கியிருந்தது. கடைசியாகச் சொன்னதுதான் உண்மையிலேயே பயமுறுத்தியது. டிஸ்க் பேடில் ஆயில் ஏறினால் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

முதலில் விட்டது ஷோரூம் சர்வீஸ் சென்டரில். பெயர் வேண்டாம். அட்வைசரிடம் மூன்று புகாரும் சொன்னேன்: கசிவு, சத்தம், இடது இழுப்பு. அவர் தலையாட்டிக்கொண்டே டைப் அடித்தார். ஆயில் சீல், டஸ்ட் சீல், ஃபோர்க் ஆயில், லேபர் என்று பில் வந்தது. கசிவு நின்றது, இழுப்பு அப்படியே இருந்தது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, மறுபடி ஈர வளையம். திரும்பப் போய் நின்றால், "ரோடு கண்டிஷன் அப்படி சார், சீலுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்கிறார். சரி, இழுப்பு பற்றி ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "அது ஜாப் கார்டுல இல்லையே சார்." உண்மைதான், இல்லை. அதில் 'முன் ஃபோர்க் ஆயில் கசிவு' என்ற ஒரே வரிதான் இருந்தது.

அதனால் சொல்கிறேன், ஜாப் கார்டில் உங்கள் புகார் ஒவ்வொன்றும் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது முறை சீல் மாற்றியபோது நான் பிடிவாதமாக வாங்கிய பழைய சீலில்தான் முதல் தடயம் கிடைத்தது. உள் உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, எதிர்ப்பக்கம் புதிது மாதிரியே இருந்தது. நேரான பைப்பில் சுற்றிலும் ஒரே மாதிரித்தானே தேய வேண்டும்? "பைப் பெண்டான்னு டயல் மீட்டர் வைத்து அளந்து பார்ப்பீர்களா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இங்க பண்றதில்ல சார்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

இடையில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு தம்பி வைத்தியம் பார்த்தார். "ஆயில் கொஞ்சம் சேத்து ஊத்திட்டேண்ணா, இனிமே அமுங்காது." உண்மையில் அமுங்கவில்லை, ஏனென்றால் ஃபோர்க் கட்டையாகிவிட்டது. உள்ளே ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயிலைக் கூட்டினால் காற்றுக்கு இடம் சுருங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்தம் எகிறி சீலைத்தான் தள்ளும். அந்த வாரமே இரண்டு பக்கமும் ஒழுகியது. இதில் அவர் ஊற்றியது என்ஜினுக்குப் போடும் 20டபிள்யூ 40 என்பது பிறகுதான் தெரிந்தது. என் வண்டி கேட்பது 10டபிள்யூ ஃபோர்க் ஆயில்.

இதற்குமேல் யாரையும் நம்புவதில்லை என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் கடையில் கூடவே உட்கார்ந்து கழற்ற வைத்தேன். அடியில் இருக்கும் ஆலன் போல்ட் கழலாமல் உள்ளே இருக்கும் ராடோடு சேர்ந்து சுற்றியது. ஸ்பிரிங்கை எடுக்காமல், அதன் அழுத்தம் இருக்கும்போதே ஏர் கன்னால் அடித்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். அந்த போல்ட்டின் செம்பு வாஷர் சில ரூபாய்தான், அதையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே நின்ற கசிவு கீழே ஆரம்பிக்கும்.

பைப்பைத் துடைத்துத் தடிமனான கண்ணாடித் தகட்டில் உருட்டினோம். வளைந்த சப்பாத்திக் கட்டை மாதிரி குதித்துக் குதித்துப் போனது. கீழ் 'டி', அதாவது இரண்டு பைப்பையும் ஹேண்டிலுக்குக் கீழே கவ்விப் பிடிக்கும் பாகம், பிடிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் வளைவு. முன்னால் எதிலாவது மோதினால் பைப் வழக்கமாக வளைவதும் அங்கேதான். பிறகு ஃபிரேமில், ஹேண்டில் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் ஸ்டீயரிங் ஸ்டாப்பரைப் பார்த்தால் பெயின்ட் பெயர்ந்து ஒரு நசுங்கல். 'ஆக்ஸிடென்டே ஆகாத வண்டி'யாம்! வண்டி பார்க்கப் போகும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, டார்ச் அடித்து அந்த ஸ்டாப்பரை முதலில் பாருங்கள். ஃபேரிங்கை மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம். ஸ்டாப்பரை யாரும் தொடமாட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்தில், பைப்பைத் தாங்கும் வி-பிளாக்கில் வைத்துச் சுற்றி, வளைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் காட்டச் சொன்னேன். ஒரு சுற்றுக்கு முள் ஓடியது 1.1 மில்லிமீட்டர். அதில் பாதிதான் வளைவுக் கணக்கு, அதாவது 0.55. சர்வீஸ் மேனுவலில் அனுமதித்த எல்லை 0.2. லேத் பெரியவர் அன்பாகத்தான் சொன்னார்: "பெண்டு எடுத்துடலாம் தம்பி, ஐந்நூறு ரூபா." கொஞ்சமாக வளைந்த பைப்பை நல்ல பிரஸ்ஸில் நிமிர்த்தி ஓட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் என் பைப்பில் குரோமும் பொத்துப் பொத்தாகப் பெயர்ந்திருந்தது. நிமிர்த்தினாலும் அந்தப் பொத்துகள் புதுச் சீலைக் கிழிக்கும். அதோடு, ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பை நம்பி நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்க எனக்குத் தைரியமில்லை.

புதுப் பைப்புக்கு ஆர்டர் போட்டால் வர நாளாகும் என்றார்கள். பொறுமையில்லாமல், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒருவர் "ஷோரூம் கண்டிஷன்ணா, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு ஜோடியை நீட்டினார். கண்ணை மூடாமல் அவருடைய கண்ணாடி ஷோகேஸ் மேலேயே உருட்டினேன். பைப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் வந்து வந்து போனது. கொஞ்ச நேரம் இருவருமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "உங்களுக்குப் புதுசுதான் செட் ஆவும்ணா" என்று அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். போனது வீண் பயணம்தான், ஆனால் இந்த விவகாரம் முழுவதிலும் நான் ரசித்த ஒரே நிமிடம் அது.

ஆர்டர் போட்டதும் ஒழுங்காக வரவில்லை. அதே வண்டியின் வேறு வருட மாடல் பைப்பை அனுப்பிவிட்டார்கள். தடிமன் ஒன்று, நீளம் வேறு. பழைய பைப்பைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் கவுன்ட்டரிலேயே பக்கத்தில் வைத்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரை உறுதிசெய்து, அதை ரசீதில் எழுதி வாங்கிய பிறகுதான் அடுத்த முறை அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரு பைப் மூவாயிரத்துச் சொச்சம். இரண்டையும், உள்ளே பைப் உரசி ஓடும் புஷ் வளையங்களையும் சேர்த்தே மாற்றினேன்.

மாட்டும்போது கவனித்தவை: கீழ் 'டி' முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு பைப்பையும் மாட்டிக் குறுக்கே கண்ணாடியை வைத்தோம். ஆடாமல் படிந்தது, அந்த மட்டும் தப்பித்தேன். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் மட்டும் 'கடக்' என்று உட்கார்ந்தது, அதனால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டும் போயிருந்தது தெரிந்தது. 'டொக்' சத்தத்தில் பாதி அதனுடையதுதான். புதுச் சீலை இறக்கும்போது பைப் முனையில் பாலித்தீன் கவர் சுற்றி ஆயில் தடவினால் உதடு கிழியாது. ஆயிலை மில்லி அளந்து ஊற்றினால் மட்டும் போதாது. ஸ்பிரிங் இல்லாமல் பைப்பை முழுதாக அமுக்கி, மேலிருந்து ஆயில் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு பக்கமும் ஒன்றாக வைக்க வேண்டும். அதிகமானதை ஊசி சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சிவிடலாம். கடைசியில் ஆக்ஸில் நட்டை டைட் செய்து, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைப் பலமுறை அமுக்கிவிட்டு, அப்புறம்தான் ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை டைட் செய்ய வேண்டும். நம்மூரில் முக்கால்வாசிப் பேர் இதை வரிசை மாற்றிச் செய்துவிட்டு, ஃபோர்க் ஏன் இறுகுகிறது என்று தலையைச் சொறிகிறார்கள்.

ஆயில் குடித்த டிஸ்க் பேடைச் சுட்டு, தேய்த்துத் திரும்பப் போடலாம் என்றார்கள். கேட்கவில்லை, புதுசுதான். டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தோம்.

பழைய பைப்பை எடைக்குப் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் வாங்கி ஓரமாகச் சாய்த்தார். சாய்த்த இடத்திலிருந்து எடுத்து, ஆக்ஸா பிளேடு வாங்கி, இரண்டையும் நடுவில் பாதிக்குமேல் அறுத்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். விட்டால் நிமிர்த்தி, பாலிஷ் போட்டு, யாரோ ஒருவருக்கு 'ஷோரூம் கண்டிஷன்' ஆகிவிடும்.